தொட்டி நின்ற இடம்

லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர் அவர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போவார். இயேசுவின் மரணத்தை நினைவுகூரும் திருவிருந்தில் அப்பத் தட்டு வந்தால் மட்டும் எடுக்காமல் நகர்த்திவிடுவார். ஒன்பது வருடங்களாக இப்படித்தான்.

அதற்குச் சற்று முன் ஒரே ஒரு முறை மனைவியைக் கைநீட்டி அடித்துவிட்டார். அவள் மன்னித்துவிட்டாள். அவர்தான் அந்தக் கையை மன்னிக்கவில்லை.

"முதல்ல நான் சுத்தமாகணும்," என்பார்.

"ஒன்பது வருஷமா ஊறப்போட்டிருக்கீங்க. துணியா இருந்தா இந்நேரம் நைஞ்சு போயிருக்கும்," என்பாள்.

மோசே காலத்தில் இஸ்ரவேலர் பலியிட்டு வழிபட்ட ஆசரிப்புக் கூடாரம் எப்படி இருந்தது என்று காட்ட, ஆலய மைதானத்தில் அதே அளவில் ஒன்றை எழுப்பினார்கள். துணி வேலை முழுக்க அவருடையது. சுற்றிலும் வெள்ளைத் திரை, உள்ளே கூடாரம். தகரப் பலிபீடமும் தண்ணீர்த் தொட்டியும் வேனில் வந்து இறங்கியபோது ஞாயிறு பள்ளி டீச்சர் இன்னும் வந்திருக்கவில்லை. அவரே இடம் பார்த்து வைத்தார். வாசலை ஒட்டித் தொட்டி, அப்புறம் பலிபீடம். தொட்டியில் விளிம்புவரை தண்ணீரும் நிரப்பினார்.

டீச்சர் வந்ததும் தலையில் கைவைத்தாள்.

"அண்ணே, மாத்தி வச்சிட்டீங்களே! நுழைஞ்சதும் பலிபீடம். அதுக்கு அப்புறம்தான் தொட்டி."

"கை கால் கழுவாம எப்படி டீச்சர் பலிபீடத்துக்கிட்ட போறது?"

"தொட்டி, பலியிடுற ஆசாரியருங்க கழுவுறதுக்கு. பாவம் செஞ்சவன் ஆட்டை இழுத்துக்கிட்டு வந்த கோலத்துலயே வருவான். அது தலைமேல கையை வைப்பான். அவனுக்குப் பதிலா அது சாகும்."

"கழுவாத கையையா?"

"வேற கைக்கு எங்கண்ணே போவான்?" டீச்சர் கையிலிருந்த வரைபடத்தைப் பார்த்தபடியே சொன்னாள். "நமக்கு அந்த ஆடு இயேசுதான். நாமளே கழுவிச் சுத்தமாயிட முடியும்னா அவர் எதுக்குச் சாகணும்?"

அவர் வாளியை எடுத்துத் தொட்டித் தண்ணீரை இறைத்துக் கொட்டத் தொடங்கினார். சாப்பாடு கொண்டுவந்த மனைவி அவரை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"நிரப்பினதே நீங்கதானாமே?"

"இடம் தப்பு. அந்தப் பக்கம் பிடி."

இருவருமாகத் தொட்டியைப் பலிபீடத்துக்கு அப்பால் இழுத்துப் போட்டார்கள். அவர் "அன்னைக்கு அடிச்சது..." என்று ஆரம்பித்தார்.

"சோறு ஆறுது," என்றாள் அவள்.

அந்த ஞாயிறு அப்பத் தட்டு அவரிடம் வந்தது. பக்கத்தில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர், வழக்கம்போல் உடனே தன்னிடம் வந்துவிடும் என்று கையை நீட்டினார்.

"இருங்க சார்," என்றார் அவர். "நான் இன்னும் எடுக்கல."