சிஸ்டர் தேர்ந்தெடுத்த பேய்க்கதை

ஆரஞ்சுச் சாற்றில் ஒன்றரைக் கரண்டி கெட்டிமாவு போட்டு, கட்டி தட்டாமல் கலக்கிக்கொண்டிருந்தாள். தண்ணீராக இருந்தால் புரையேறும், பசையாக இருந்தால் தொண்டையில் நிற்கும். தேன் பதத்துக்கு வந்தால்தான் நாத்தனாருக்கு இறங்கும். பதம் வந்ததும் கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தினாள், வலது தோளுக்குத் தலையணையால் முட்டுக்கொடுத்தாள், கரண்டியைக் கீழுதட்டில் தொட்டாள். வாய் திறக்கவில்லை.

“ஒரே ஒரு வாய், அண்ணி.”

உதடுகள் இன்னும் இறுகின. பக்கவாதம் வந்து ஆறு வருஷம், பேச்சு போய் நாலு வருஷம். ஆனால் வாயைத் திறக்க முடியாத ஆள் இல்லை. பல் தேய்க்கத் திறப்பாள், கொட்டாவிக்குத் திறப்பாள். கரண்டியைக் கண்டால்தான் மூடிக்கொள்வாள். இது மூன்று மாதமாக நடக்கிறது.

மருத்துவர் படிவம் ஒன்றைக் கொடுத்திருந்தார். வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைத்தால் வாயைக் கேட்க வேண்டியதில்லை, சாப்பாடு நேரே உள்ளே போகும், இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஓடும். வேண்டாமென்றால் வலி தெரியாமல் பார்த்துக்கொள்ள மருந்து கொடுப்பார். “அடுத்த மாசம் பன்னிரண்டாம் தேதிக்குள்ள முடிவு பண்ணிட்டு வாங்க” என்றார்.

கணவரைக் கேட்டாள். “நீதானே இதுக்கெல்லாம் படிச்சவ” என்று அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார். கொழுந்தன் தொலைபேசியில் பேசினான். “நீங்க எது செஞ்சாலும் சரி அண்ணி. அக்காவைப் பட்டினி போட்டுட்டாங்கன்னு மட்டும் நாலு பேர் சொல்லிடக் கூடாது.” கட்டிலைப் பார்க்க வந்து இரண்டு வருஷம் ஆனவன் அவன்.

அவள் படித்தது ஆறு மாதப் பராமரிப்புப் பயிற்சி. அதை வைத்து முதியோர் இல்லத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டினாள். யாருக்குக் குழாய் வைக்கலாம், யாருக்கு வேண்டாம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லுவாள், அநேகமாகச் சரியாகவும் இருக்கும். இந்த முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வரவில்லை. கல்யாணமான முதல் வாரத்திலேயே கூடத்தில் எல்லாரும் கேட்க, “மலம் அள்ளுற கையாலயா என் தம்பிக்குச் சோறு போடப் போற?” என்று கேட்ட முகம் அது. அந்தக் கைதான் இப்போது அவளைத் துடைக்கிறது. அதனால் குழாய் வேண்டாம் என்று தோன்றும்போதெல்லாம் ஒரு சந்தேகம் குறுக்கே வந்து நிற்கும். இது இரக்கமா, பழைய பாக்கியா? அந்த வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

ஆள் இருந்தது வாசகர் வட்டத்தில். நூலகத்தின் மாடியில் மாதம் ஒருமுறை எட்டுப் பேர் கூடுவார்கள். அங்கே அவளுக்குப் பெயர் சிஸ்டர். “நான் நர்சு இல்லைங்க” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். வட்டத்தில் ஒரு முறை உண்டு. மாதம் ஒருவர் புத்தகம் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் படித்துவிட்டு வந்து பேசுவார்கள், தேர்ந்தெடுத்தவர் கடைசியில் பத்து நிமிஷம் பேசலாம், அதில் யாரும் குறுக்கிடக் கூடாது. நாலு வருஷமாக உறுப்பினராக இருந்தும் அவள் ஒரு புத்தகமும் தேர்ந்தெடுத்ததில்லை. அவள் முறை வரும்போதெல்லாம், “சிஸ்டர், உங்களுக்கு வீட்டுலயே அவ்வளவு வேலை, இந்தத் தடவை நான் எடுத்துக்கட்டுமா?” என்று யாராவது அன்பாகப் பிடுங்கிக்கொள்வார்கள். இந்தத் தடவை கொடுக்கவில்லை.

அவள் எடுத்தது விண்வெளியில் நடக்கும் திகில் நாவல். கறுப்பு அட்டை, அதில் ஒரு இயந்திரக் கை. “இது வேண்டாம்மா, ராத்திரி தூக்கம் போயிடும்” என்றாள் நூலகப் பெண்.

“தூக்கமெல்லாம் எப்பவோ போயாச்சு. எட்டுப் பிரதி இருக்கா?”

“இருக்கு. ஒருத்தரும் தொடலையே.”

கதை இதுதான். முந்நூறு பேரை உறங்க வைத்து ஒரு கப்பல் புதுக் கிரகத்துக்குப் போகிறது. அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் இயந்திரம். போய்ச் சேர வேண்டிய கிரகம் வெடித்துப்போய் நூறு வருஷமாகிறது, இயந்திரத்துக்கும் அது தெரியும். ஆனாலும் அழுகிய விரலுக்குப் புது விரல் தைக்கிறது, நின்ற இதயத்துக்குப் பம்பு வைக்கிறது. உறங்குபவர்கள் நடுவில் விழித்துக் கெஞ்சினால், “இன்னும் கொஞ்சம்தான்” என்று நெற்றியைத் தடவிக் கொடுக்கிறது. அந்த வரியை அவள் இரண்டு தடவை படித்தாள். முடிவில் கப்பலில் விழித்திருப்பவள் ஒருத்தி மட்டும். கடைசிப் பக்கத்தில் இயந்திரம் அவளிடம் கேட்கிறது: “நான் நிறுத்தட்டுமா?” அவள் பதில் சொல்லுமுன் புத்தகம் முடிந்துவிடுகிறது.

படித்து முடித்த கணமே இதுதான் என்று முடிவு செய்துவிட்டாள். அந்தப் பெண் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று படித்தவர்கள் ஏழு பேர் வாதாடுவார்கள். அது தன் வீட்டுக் கட்டிலைப் பற்றிய பேச்சு என்று அவர்களுக்குத் தெரியாது. தெரியாததால் முகத்துக்காகப் பேச மாட்டார்கள். வட்டம் கூடும் நாள் பதினொன்று, படிவம் கொடுக்கும் நாள் பன்னிரண்டு. சரியாக இருந்தது.

புத்தகத்தை அறிவித்தபோது தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அவர்.

“விண்வெளிப் பேயா சிஸ்டர்? நம்ம வயசுக்கு ஏத்த மாதிரி ஒரு குடும்பக் கதையா எடுத்திருக்கலாமே.”

“இதுவும் குடும்பக் கதைதான் சார்.”

எல்லாரும் சிரித்தார்கள். வங்கியில் வேலை பார்த்த அம்மாள், “எங்க வீட்டுல மாமியார் இருந்தாங்க, அதுக்கு மேல திகில் வேணுமா?” என்றாள். அதற்கும் சிரித்தார்கள். ஆளுக்கொரு பிரதி வாங்கிக்கொண்டு போனார்கள்.

பதினோராம் தேதி பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கட்டிலருகே உட்கார வைத்துவிட்டு, நாலு மணிக்கே மாடியேறிவிட்டாள். எல்லார் கையிலும் புத்தகம் இருந்தது. புத்தகத்துக்குள் இரண்டு பக்கத் தட்டச்சுத் தாளும் இருந்தது. அது அவளிடம் மட்டும் இல்லை.

பேச்சு சூடாகவே ஆரம்பித்தது. “அந்தப் பொண்ணு இயந்திரத்தை உடைக்கிறா பாருங்க, அதுதான் துணிச்சல்” என்றார் தலைவர்.

“எல்லாரும் பத்திரமா பூமிக்குத் திரும்பினதுதான் எனக்குப் பிடிச்சது. முடிவு நல்லபடியா இருந்தா மத்ததை மன்னிச்சிடலாம்” என்றாள் வங்கி அம்மாள்.

சிஸ்டருக்கு முதலில் புரியவில்லை. கப்பல் பூமிக்குத் திரும்பவே இல்லையே. வேறு பதிப்போ என்று பக்கத்தில் இருந்தவரின் பிரதியை வாங்கிக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். ஒரே பதிப்புதான். பிரிக்கப்படாத தாள்களின் மணம் அடித்தது.

விஷயம் அப்புறம் வெளியே வந்தது. இந்தக் கண்றாவியை எல்லாரும் படித்துக் கஷ்டப்பட வேண்டாமே என்று வட்டத்தில் இருந்த மருந்துக்கடைக்காரர் தான் மட்டும் படித்துச் சுருக்கம் எழுதி எல்லாருக்கும் கொடுத்திருக்கிறார். அவரும் பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை அவரே ஊகித்துக்கொண்டார். ஏழு பேர் ஒரு மணி நேரமாக, இல்லாத முடிவைப் பற்றிக் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

“உங்க பத்து நிமிஷம், சிஸ்டர்” என்றார் தலைவர்.

அவள் எழுந்தாள். “இயந்திரத்தை யாரும் உடைக்கலை. யாரும் திரும்பி வரலை” என்றாள். கடைசிப் பக்கத்தைப் படித்துக் காட்டினாள். அதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பிறகு கேட்டாள்: “நிறுத்தட்டுமான்னு கேக்குது. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?”

குறுக்கிடக் கூடாது என்ற முறை அன்றைக்கு மட்டும் எடுபடவில்லை.

“அப்போ நான் எழுதினது தப்புன்னு சொல்றீங்களா?” மருந்துக்கடைக்காரரின் காது சிவந்துவிட்டது.

“நான் அதைக் கேக்கலைங்க.”

“கடையையும் பார்த்துக்கிட்டு ரெண்டு நாள் உக்காந்து எழுதினேன். பேய்க்கதைன்னா கடைசில பேய் சாகணும், உலகத்துக்கே தெரிஞ்ச விஷயம். எழுதினவன் ஒழுங்கா முடிக்கலைன்னா நான் என்ன பண்றது?”

“சிஸ்டர், அவரு நம்ம நல்லதுக்குத்தானே செஞ்சாரு” என்றாள் வங்கி அம்மாள். தலைவர் மருந்துக்கடைக்காரரின் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஒருவர் எழுந்து அவருக்குத் தேநீர் எடுத்துக்கொண்டு போனார். அவருடைய சேவையைப் பாராட்டி ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னார்கள். மீதி ஒன்பது நிமிஷம் அதில் தீர்ந்துபோயிற்று.

படியிறங்கும்போது வங்கி அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க ஏன் இவ்வளவு டென்ஷன் ஆனீங்க? கதைதானே.”

“ஆமாம், கதைதான்” என்றாள் சிஸ்டர்.

மறுநாள் காலை நாத்தனாரைப் புரட்டிப் போட்டு, முதுகைத் துடைத்து, விரிப்பை மாற்றினாள். ஈரத் துணியைச் சுண்டுவிரலில் சுற்றி உதட்டில் வைத்தபோது வாய் திறந்தது. உள்ளே சுத்தம் செய்தாள். கையைக் கழுவிவிட்டு, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து படிவத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணி, குழாய் வேண்டாம்னு எழுதப் போறேன். கோவத்துல எழுதலைன்னு அடிச்சுச் சொல்ல எனக்குத் தெரியலை. குழாய் வேணும்னா இப்பவே கண்ணை இறுக்கி மூடுங்க.”

மூடுகிறாளா என்று நூறு வரை எண்ணிப் பார்த்தாள். நாத்தனாரின் கண் திறந்தபடியே அவள் மேல் இருந்தது.

கணவரை அழைத்தாள். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடினார், சட்டைப் பையிலேயே இருந்தது. “நீயே போட்டா செல்லாதா?” என்றார்.

“செல்லும். உறவுன்னு போட்ட இடத்துல தம்பி மனைவின்னு எழுதணும், அவ்வளவுதான்.”

“அப்போ போட்டுடு. நாளைக்கு யாராவது கேட்டா…”

“நான்தான் போட்டேன்னு சொல்லுங்க.”

அவர் குளியலறைக்குப் போய்விட்டார். அவள் கையெழுத்திட்டாள். காரணம் என்ற இடத்தில் இரண்டு வரி காலியாக இருந்தது. ஒரு வரி போதுமாக இருந்தது. ‘உணவைக் கண்டால் அவரே வாயை மூடிக்கொள்கிறார்.’

ஒன்பதரைக்கு மருத்துவமனை வரவேற்பில் படிவத்தை நீட்டினாள். உள்ளே இருந்த பெண் நிமிர்ந்து பார்க்காமலே, “இதுல மூணு ஜெராக்ஸ் வேணும், எதிர்ல எடுத்துட்டு வாங்க” என்றாள். சிஸ்டர் சாலையைக் கடந்துபோய் வரிசையில் நின்றாள். முன்னால் நாலு பேர் இருந்தார்கள்.