தகப்பனார் பெயர் என்ற கட்டம்

என் தம்பி எட்டு வருஷமாகச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நான் அதே கம்பெனியின் ஸ்டோரில் பர்மனென்ட், டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ். அவன் அப்பாவோடு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருந்தான். நேர்வழியில் பர்மனென்ட் ஆகலாம் என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள். உள்ளே ஆள் இருக்கிறது என்றால் உடனே நம்புவார்கள். அந்தப் புத்திதான் எங்களைக் கெடுத்தது.

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒரு தரகர் வந்தார். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களின் வாரிசுக்கு முன்னுரிமை உண்டு. பிள்ளையில்லாத ஒரு நிலக்காரரின் மகன் என்று தம்பியைக் காட்டிவிடலாம் என்றார். வாரிசு சான்றிதழை வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் தினமும் சீல் பார்க்கிறவன். கோணாமல், மங்காமல் விழுந்த அரசாங்க சீலை அதுவரை பார்த்ததில்லை. இது கல்யாணப் பத்திரிகை மாதிரி பளிச்சென்று இருந்தது. போலி என்று அப்போதே தெரிந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

என் எழுத்து அழகாக இருக்கும் என்பதால் விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் முன்பின் தெரியாத ஒருவர் பெயரை எழுதினேன். அப்பா அதே அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அம்மா விட்டுப்போன சங்கிலியை வாங்கிக்கொண்ட பிறகு தரகரின் போன் ஸ்விட்ச் ஆஃப். சான்றிதழைச் சரிபார்ப்பதாக ஆபீஸிலிருந்து கடிதம் மட்டும் வந்தது. பயந்துபோய், தரகர் மேல் புகார் கொடுக்கப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம்.

இன்ஸ்பெக்டர் காகிதங்களை நிதானமாகப் புரட்டினார். அவர் சத்தம் போட்டிருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன்.

"அவன் உங்கள ஏமாத்துனது ஒரு கேசு. பொய் சர்டிபிகேட் தயார் பண்ணுனது இன்னொண்ணு. பொய்யின்னு தெரிஞ்சே அத நீங்க குடுத்தீங்க பாருங்க, அது தனி. அதுல நீங்கதான் அக்யூஸ்ட். ஜெயில் வரைக்கும் போகும்." பிறகு விண்ணப்பத்தைத் திருப்பிக் காட்டினார். "இத எழுதுனது யாரு?"

"நான்தான் சார்," என்றான் தம்பி.

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்ததும் சொன்னான்: "நீ பர்மனென்ட்ண்ணே. ரெண்டு புள்ளைங்கள வச்சிகினு இருக்கற. எனக்குப் போறதுக்கு என்னா இருக்குது?"

அவன் மேல் கேஸ் போட்டார்கள். அந்த வாரமே அவனுடைய கேட் பாஸை ரத்து செய்தார்கள். அதன் பிறகு எந்தக் கான்ட்ராக்டரும் அவனைச் சேர்க்கவில்லை. நான் மட்டும் ஷிப்டுக்குத் தவறாமல் போனேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டதெல்லாம் சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும்தான்.

கையெழுத்து நிபுணருக்கு அனுப்ப அடுத்த வாய்தாவில் தம்பியை எழுதவைத்து மாதிரி எடுப்பார்கள் என்று வக்கீல் சொன்னார். அன்று சாயங்காலம் தம்பி ஒரு நாற்பது பக்க நோட்டோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தான்.

"ஒன் எழுத்து எனக்கு வர மாட்டேங்குதுண்ணே. சொல்லிக் குடு," என்றான்.

கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சொல்லிக்கொடுத்தேன்.