ரெத்தினதாசை விளிக்கணும்

எச்சரிக்கை என்று கம்ப்யூட்டர் எதைக் காட்டினாலும் ரெத்தினதாசுக்குச் சிரிப்புதான். "கொரைக்கிற பட்டி கடிக்காதாக்கும், ஜீனா. ஓடுதுல்லா, விடு" என்பான் மனைவியிடம். பாறசாலையில் ஒரு வாடகை அறையில் உட்கார்ந்து, அம்பூரிப் பக்கத்து ரப்பர் சங்கத்துக்கு அவன் சி மொழியில் எழுதிய புரோகிராம் ஓடவும் செய்தது. தொண்ணூற்றாறில் கண் மஞ்சளித்தபோதும் அப்படியேதான் விட்டான். முப்பது வயது நிறையும் முன்னே காமாலை அவனைக் கொண்டுபோய்விட்டது.

அடக்கம் முடிந்த மறுமாதமே சங்கத்திலிருந்து ஆள் வந்தது. புரோகிராம் சத்தமில்லாமல் நின்றுவிடுகிறதாம், ஏனென்றும் சொல்வதில்லையாம். எச்சரிக்கை ஒன்றுகூட இல்லாமல் சரிசெய்து தந்தால் வேலை ஜீனாவுக்கு, இல்லையென்றால் திருவனந்தபுரத்துக் கம்பெனிக்கு. கணவனோடு உட்கார்ந்தே தொழில் படித்தவள் அவள். அவன் கையால் செய்ததில் மிச்சம் இந்த ஒன்றுதான். அதை எவனோ ஒருவனுக்குத் தூக்கிக் கொடுக்க மனம் வரவில்லை.

ஒவ்வொன்றாகத் தீர்த்தாள். கடைசியாக ஒன்று நின்றது. இந்த வரி ஒருநாளும் ஓடாது என்றது, எழுதியதைக் கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்க்கும் கம்பைலர். கணக்கைப் பதியும் பிளாப்பியில் எழுத முடியாமல் போனால் திரையில் வரவேண்டிய செய்தி அது. வெளியேறும் கட்டளையை மேலே போட்டுவிட்டுச் செய்தியை அதன் கீழே எழுதியிருந்தான், மடையன். அதனால்தான் இத்தனை நாளும் அது யார் கண்ணிலும் படவில்லை. "பயப்படண்டாம். ரெத்தினதாசை விளிக்கணும்." கூடவே பக்கத்து வீட்டுச் சரசம்மாவின் போன் நம்பர். இவர்கள் வீட்டில் போன் ஏது? ஊரில் பாதிப் பேருக்கு அடுத்த வீட்டு நம்பர்தான் நம்பர்.

கட்டளையைக் கீழே இறக்கினாள். பெயரை அழிக்கப் போன விரல் நின்றுவிட்டது. அங்கேயாவது அவன் இருக்கட்டும் என்று அழுதுகொண்டே விட்டுவிட்டாள். எச்சரிக்கை எதுவும் மிச்சமில்லை. சங்கத்தார் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள்.

மழை பிடித்த நாட்களில் ஒருநாள் சரசம்மா வேலியருகே வந்து நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"மக்கா, போன்ல ஒரு ஆளு... ரெத்தினதாஸ் உண்டாண்ணு கேக்குதாரு. நான் என்னத்தச் சொல்ல?"

ஜீனா ஓடிப்போய் ரிசீவரை எடுத்தாள். சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. திரையில் இந்தப் பெயர் வந்தது, சாரிடம் பேசவேண்டும் என்றார். செத்துப்போனார் என்று போஸ்ட்மேன் முதல் மீன்காரி வரை எல்லாரிடமும் சொன்னவள்தான். ஆனால் உலகத்தில் இந்த ஒரு மனிதருக்கு மட்டும் அவன் இன்னும் உயிரோடு இருக்கிறானே.

"அவரு வெளிய போயிருக்காரு. நான் வாறேன், வேற பிளாப்பி போட்டுப் பாக்கலாம்."

"சார் எப்ப வருவாரு?"

"கொஞ்சம் தாமசிக்கும்" என்றாள் ஜீனா.

சரசம்மா அவள் கையிலிருந்து ரிசீவரை மெல்ல வாங்கி வைத்தாள்.