எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னேன்

எங்கள் தீவு நகரமான ஜார்ஜ் டவுனில் ஒரு தனியார் கல்லூரியின் மாணவர் நலப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு வருடம் இங்கே படித்துவிட்டு, மூன்றாம் வருடத்துக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் போவார்கள். அந்த நாட்டில், வளாகங்களில் யூத வெறுப்பையும் தீவிரவாதத்தையும் தடுக்கப் புதிதாக ஒரு சட்டம் வந்தது. அதையொட்டி அந்தப் பல்கலைக்கழகம் தன் நடத்தை விதிகளைத் திருத்தி எங்களுக்கும் அனுப்பியது. போகிற ஒவ்வொருவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் மூன்று முறை படித்தேன். எது கருத்து, எது குற்றம் என்கிற இடம் வரும்போதெல்லாம் வாக்கியங்கள் நீண்டு நீண்டு என்னைக் குழப்பின. பயம்தான் மிஞ்சியது.

அந்த வாரமே ஒரு புகார் வந்தது. அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் கடந்து வருகிற கணக்கியல் மாணவி ஒருத்தி, காஸாவில் இடிந்த வீடுகளின் படங்களையும் அங்குள்ள குழந்தைகளின் படங்களையும் இன்ஸ்டாகிராமில் போட்டிருந்தாள். கீழே ஆங்கிலத்தில், கொல்வதை நிறுத்துங்கள் என்று மன்றாடும் ஒரு பத்தி. கடைசி வரி மட்டும் வேறு மாதிரி இருந்தது: யூதர்கள் எல்லாருமே இப்படித்தான், இவர்களை எந்த நாடும் உள்ளே விடக்கூடாது.

புகார் கொடுத்தவர், அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து ஆறு வாரம் பாடம் நடத்த வந்திருந்த விரிவுரையாளர் அம்மா. அவர் யூதர் என்பது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்தப் பெண்ணை அறைக்குக் கூப்பிட்டேன்.

“போர் வேணாம்னு சொல்றது தப்பா மிஸ்?”

“அதெல்லாம் இப்ப பேசாதலா. எல்லாத்தையும் டிலீட் பண்ணிரு. விசா போயிரும்.”

“அந்தச் சின்னப் பிள்ளைங்க படத்தையுமா?”

“எல்லாத்தையும்தான்.”

என் முன்னாலேயே நின்று ஒவ்வொன்றாக அழித்தாள். விதிகளில் கையெழுத்துப் போட்டாள். பிரச்சினையை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டதாக நான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை விரிவுரையாளரிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது.

“நான் புகாரில் எழுதியது ஒரே ஒரு வரியைப் பற்றி. அந்த வரியில் நானும் என் மகனும் இருக்கிறோம். மற்றதை ஏன் அழிக்கச் சொன்னீர்கள்? அதில் பாதியை நானே எழுதியிருப்பேன்.”

சட்டம், விசா என்று ஏதோ முணுமுணுத்தேன். மதியம் சூலியா தெருவில் சோறு வாங்கி வைத்துக்கொண்டு சாப்பிடாமல் எழுந்தேன். அந்தப் பதிவு ஆபத்து என்று மட்டும்தான் அவளிடம் சொல்லியிருந்தேன். அந்தக் கடைசி வரி தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானே அதை யோசித்திருக்கவில்லை.

விரிவுரையாளர் அவளைப் பார்க்க வேண்டுமென்றார். அவளும் தயங்கித் தயங்கி வந்தாள். இருவரையும் என் அறையில் விட்டுவிட்டு, வெளியே நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்தேன். நாற்பது நிமிடம் ஆனது. கதவு திறந்தபோது அவள் கண்கள் வீங்கியிருந்தன. என்னைப் பார்க்காமல் போனாள். என்ன பேசினார்கள் என்று இருவருமே சொல்லவில்லை.

சனிக்கிழமை, பாயான் பாருவில் என் வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது கைப்பேசியில் பார்த்தேன். படங்கள், பத்தி எல்லாம் திரும்பி வந்திருந்தன. கடைசியில் இப்படி எழுதியிருந்தாள்: ‘இங்கே முன்பு ஒரு வரி இருந்தது. ஓர் இனத்தையே சேர்த்து ஏசியது என் தப்பு. மற்றதை மாற்ற மாட்டேன்.’

உடனே அழைத்தேன். “ஏம்மா மறுபடியும் போட்ட?”

“இப்ப சரியா இருக்கு மிஸ். யாராச்சும் கேட்டா நானே பேசிக்கிறேன்.”

புகார் பற்றி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவத்தில் இரண்டே கட்டங்கள்: விதி மீறப்பட்டது, மீறப்படவில்லை. நான் எதிலும் குறியிடவில்லை. நடந்ததை ஒன்றரைப் பக்கம் எழுதினேன், எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னது என் தவறு என்பதையும் சேர்த்து. மூன்று வாரம் பதில் இல்லை. சிவப்பு விளக்கில் காரை நிறுத்தும்போதெல்லாம் மின்னஞ்சலைத் திறந்து பார்த்தேன். கடைசியில் இரண்டு வரி வந்தது: மேல் நடவடிக்கை இல்லை, விவரம் கோப்பில் வைக்கப்படும்.

மூன்றாம் வருடத்துக்கு அவள் கிளம்பிய அன்று விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். உள்ளே போகும் முன் அவள் திரும்பி வந்தாள்.

“ஃபைல்ல இருக்கும்னா, எவ்ளோ நாளைக்கு மிஸ்?”

“தெரியலம்மா,” என்றேன்.