இன்ஜின் மூடிமேல் உட்கார்ந்த பெண்

மூன்றாவது ஃபேன் பெல்ட்டும் அறுந்தபோது, அதைச் செய்தவனுடைய ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்தேன். படப்பைக்குக் கொஞ்சம் முன்னால் பட்டென்று ஒரு சத்தம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு. சூடு காட்டும் முள் மேலே ஏற ஆரம்பித்தது. உள்ளே பதினெட்டுப் பெண்கள். மணி பகல் பன்னிரண்டே முக்கால். இரண்டு மணிக்கு அவர்களுக்கு ஷிஃப்ட்.

இரண்டாயிரத்துப் பதினொன்று வாக்கில் நான் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். சொந்த வண்டி. குன்றத்தூரில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த வெளியூர்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு மணிமங்கலம் வழியாகப் போய், ஒரகடத்தில் நாலைந்து கம்பெனி வாசலில் இறக்கிவிட வேண்டும். அந்தக் கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்தான் எனக்கு ரூட் கொடுத்தவர். பெல்ட் அறுந்து ஏற்கெனவே இரண்டு முறை பெண்கள் லேட். போன வாரம் அவர் என்னைக் கூப்பிட்டு, "இன்னொரு வாட்டி லேட்டாச்சுன்னா நான் வேற வண்டி பாத்துக்குறேன்பா" என்றார். கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த மனுஷன் மெதுவாகச் சொன்னால் செய்துவிடுவார். அந்த ரூட் போனால் எனக்கு வேறு பிழைப்பு கிடையாது.

நல்லவேளை, மெக்கானிக் ஷெட் கூப்பிடு தூரத்தில் இருந்தது. பதினெட்டுப் பேரும் இறங்கித் தள்ளினார்கள். டிபன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டே தள்ளினார்கள். எனக்கு அந்தச் சிரிப்பும் எரிச்சலாக இருந்தது.

அவர்களில் ஒருத்தியைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடி இருக்கும். கடைசி ஸ்டாப்பில் ஏறுகிறவளுக்கு அந்தச் சூடான இடம்தான் மிஞ்சும். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், வாயே திறக்க மாட்டாள். பத்து நாள் முன்பு ஒருநாள், மூடிமேல் உள்ளங்கையை வைத்தபடி, "அண்ணே, உள்ள ஒண்ணு சரியா சுத்தலண்ணே" என்றாள்.

"நீ இன்னா, வண்டிக்கு நாடி பாக்குற வைத்தியரா? கம்முனு உக்காரு" என்றேன்.

பின்னால் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மெக்கானிக் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எல்லாம் டூப்ளிகேட் மால்ணா. இந்த வாட்டி நல்ல பெல்ட்டா போட்டுடலாம், அரை மணி நேரத்துல கெளம்பிடுவே" என்றான். போன இரண்டு முறையும் இதையேதான் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

அறுந்த பெல்ட் தரையில் கிடந்தது. அந்தப் பெண் அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னிடம் வராமல் மெக்கானிக்கிடம் போனாள்.

"அண்ணே, ஒரு ஓரம் மட்டும் நார் நாரா பிஞ்சிருக்கு, பாத்தியளா? பெல்ட்டு மோசம்னா ரெண்டு ஓரமும்லா பிய்யும்? அந்தச் சின்னப் புல்லியக் கழட்டிக் குடுங்களேன்."

அவன் அந்தப் புல்லியைப் பிடித்து ஆட்டிக் காட்டினான். பெல்ட் தொய்யாமல் தாங்குகிற சக்கரம் அது. "ஆட்டமே இல்லையேம்மா. பதினஞ்சு வருசமா நான் இன்னா புடுங்கிகினா கீறேன்?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். மணி ஒன்று ஐந்து. பெல்ட்டை மட்டும் மாட்டினால் இன்றைக்குப் பிழைத்துவிடலாம். புல்லியைக் கழற்றினால் நேரம் போகும். அந்தப் பிய்ந்த ஓரத்தைப் பார்த்தேன். அவள் அன்றைக்குக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டது நினைவுக்கு வந்து தொலைத்தது.

"கழட்டுப்பா" என்றேன்.

அவள் கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டாள். இடது கையில் புல்லியைப் பிடித்து, வலது சுட்டுவிரலை நடு ஓட்டைக்குள் விட்டு, மெல்லச் சுற்றினாள். கண் எங்கேயோ இருந்தது. ரோட்டில் லாரிகள் ஹார்ன் அடித்துக்கொண்டு போயின. அவள் காதில் எதுவும் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"மண்ணு" என்றாள்.

"இன்னாது?"

"உள்ள மண்ணு நெரியுத மாதிரி இருக்குண்ணே. எங்க லைன்ல இது ரிஜெக்ட்டு."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. மூன்று வருடமாக அவளுக்கு இதுதான் வேலை. கம்பெனியில் செய்து முடித்த புல்லிகள் தட்டுத் தட்டாகக் கடைசி மேஜைக்கு வரும். ஒவ்வொன்றையும் விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்து, சரியென்றால் பெட்டிக்கு, இல்லையென்றால் சிவப்புக் கூடைக்கு. "மிஷின் சத்தத்துல காது கேக்காதுண்ணே. வெரல்தான்" என்றாள், ஏதோ உப்புப் பார்க்கிற விஷயத்தைச் சொல்வதுபோல.

எதிரே ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கடைக்காரர் புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்துக் கொடுத்தார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "வேண்டாம்" என்று வைத்துவிட்டாள். அடுத்ததையும் வைத்துவிட்டாள். "சீல் பிரிக்காத சரக்கும்மா! மாம்பழமா இது, பொறுக்கி எடுக்க?" என்று அவர் எகிறினார். வேறு நாளாக இருந்தால் நானும் அவரோடு சேர்ந்து எகிறியிருப்பேன். அன்று, "குடுங்க சார், இன்னொன்னு குடுங்க" என்று கெஞ்சினேன். நாலாவதைச் சுற்றியபோது அவள் முகம் லேசாக மலர்ந்தது.

திரும்பி வந்தபோது மெக்கானிக் பழைய புல்லியின் மூடியை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறந்து வைத்திருந்தான். உள்ளே கிரீஸ் இல்லை. செங்கல் நிறத்தில் துரு, பொடிப் பொடியாக. பேரிங் குண்டு ஒன்று சில்லு பெயர்ந்திருந்தது. அவன் அதைப் பார்த்தான், அவள் விரலைப் பார்த்தான், "யம்மாடி!" என்றான். அப்புறம் குனிந்து வேலையைப் பார்த்தான். புதுப் புல்லி, புது பெல்ட், இருபது நிமிடம்.

ஸ்டார்ட் செய்தேன். பெண்கள் எல்லாம் ஓடிப் போய் ஏறினார்கள். அவள் மட்டும் திறந்திருந்த இன்ஜின் பக்கத்தில் நின்றுவிட்டாள். புல்லி சுற்றுகிற வேகத்தில் அது சுற்றுவதே தெரியவில்லை. சும்மா நிற்பது மாதிரி ஒரு வெள்ளை வட்டம்.

"இம்புட்டு வேகமாவாண்ணே?" என்றாள். "நாங்க மூணு சுத்து சுத்திப் பாத்துட்டு வச்சுருவோம். இது எங்க போவுதுன்னு இன்னைக்குத்தான் பாக்கேன்."

அவள் கண் தளும்பியிருந்தது. நானும் எட்டிப் பார்த்தேன். பதினாறு வருடம் வண்டி ஓட்டியவன், ஓடும்போது அதை நின்று பார்த்ததே இல்லை. ஒரு விரலுக்கு இவ்வளவு தெரியுமா என்று உடம்பு சிலிர்த்துவிட்டது. மனதுக்குள் அந்த விரலைக் கும்பிட்டேன், வெளியே, "ஏறும்மா, நேரமாவுது" என்றேன்.

முதல் கேட்டில் கான்ட்ராக்டர் நின்றிருந்தார். மணி ஒன்று நாற்பத்தெட்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ரூட் தப்பியது.

மறுநாள் மணிமங்கலம் தாண்டியதும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நாலு வருடமாக இவர்களைத் தலை எண்ணித்தான் ஏற்றியிருக்கிறேன். உள்ளே போய் என்ன செய்கிறார்கள் என்று ஒருத்தியிடமும் கேட்டதில்லை. கண்ணாடியைப் பார்த்துக் கேட்டேன். முதலில் நம்பாமல் முழித்தார்கள். அப்புறம் ஆளாளுக்குக் கத்தினார்கள். ஒருத்தி சீட் பெல்ட் கொக்கி. ஒருத்தி வைப்பர் மோட்டார். மூன்று பேர் வயரிங். இரண்டு பேர் கதவு ரப்பர். நான் பிடித்திருந்த ஸ்டியரிங்குக்கு உறை தைக்கிறவள்கூட இருந்தாள். என் வண்டி என் வண்டி என்று மார்தட்டிக்கொண்டிருந்தேனே, அதில் நான் கை வைக்காத இடமெல்லாம் இவர்கள் கை பட்டிருக்கும் போலிருந்தது. பிரமித்துப்போய் ஓட்டினேன்.

கடைசி சீட்டில் ஒருத்தி மட்டும் பேசவில்லை. "நீ இன்னாம்மா பண்றே?"

"பின்னாடி லைட்டுண்ணே. எரியுதான்னு செக் பண்ணுவேன்." கொஞ்சம் இழுத்துவிட்டு, "நம்ம வண்டியில பிரேக் லைட் ரெண்டுமே எரியறதில்லண்ணே. இறங்கி நிக்கும்போது தினம் பாப்பேன். ரெண்டு மாசமாச்சு" என்றாள்.

ரெண்டு மாசம். இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு இவர்களைத் திரும்ப ஏற்றி வருகிற ரோடு அது. முதுகுக்குப் பின்னால் கன்டெய்னர் லாரிகள் வரும். அவள் உட்காருவது கடைசி சீட்.

"ஏம்மா, சொல்றதுக்கு இன்னா?" என்றேன். என்னையும் மீறிக் குரல் உயர்ந்துவிட்டது.

இன்ஜின் மூடிமேல் இருந்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"திட்டுவீங்கல்லண்ணே" என்றாள் கடைசி சீட்டுக்காரி.

வண்டியை ஓரம் கட்டினேன். அந்தத் திருநெல்வேலிப் பெண்ணைப் பிரேக்கை மிதித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பின்னால் போய் நின்று பார்த்தேன். இரண்டுமே எரியவில்லை.