ஒரு நாட்டை மூடிய கணக்கு

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், மலாக்காவில் எங்கள் அலுவலகத்துத் துரைமார்கள் ஒவ்வொருவராகப் பெட்டி கட்ட ஆரம்பித்தார்கள். கடைசித் துரையும் கப்பலேறப் போகிறார், அந்த நாற்காலிக்கு நம்மவர் ஒருவரைத்தான் போடுவார்கள், பொருளாதாரப் பரீட்சை தேறினால் போதும் என்று தலைமைக் கிளார்க் ஒருநாள் காதோடு காதாகச் சொன்னார். அது சுழலும் நாற்காலி. நானோ எட்டு வருஷமாக ஒரு கால் ஆடுகிற நாற்காலியில் உட்கார்ந்து துரையின் கடிதங்களை டைப் அடித்தவன். எனக்கு ஆசை வந்துவிட்டது.

பண்டார் ஹிலிரில் ஒரு கடையின் மேல்மாடியில் மாலைக் கல்லூரி நடந்தது. இருபத்தொன்பது வயதில், மீசையோடு, அங்கே மாணவனானேன். காஜா பேராங்கில் எங்கள் வீட்டு வாசலில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, "காலேஜுக்கு நேரமாச்சு, புஸ்தகத்த எடு" என்று மனைவியிடம் சொல்வேன். உள்ளே கேட்கவேண்டிய அளவுக்கு அல்ல, தெருக்கோடிக்குக் கேட்கிற அளவுக்கு.

வரையறைகளை நெட்டுருப் போடுவதில் நான் புலி. கணக்கு வந்தால் எலி. இரண்டாவது மாதமே ஒரு கணக்கு என்னைக் கவிழ்த்தது. ஒரு நாடு கோதுமை, துணி இரண்டையுமே சீக்கிரமாக உண்டாக்கிவிடுகிறது. இன்னொரு நாட்டுக்கு இரண்டுக்கும் அதிக நேரம் பிடிக்கிறது. எந்த நாடு எதைச் செய்யவேண்டும்? இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று, முதல் நாடே இரண்டையும் செய்யட்டும், இரண்டாவது நாடு எதுவும் செய்யவேண்டிய அவசியமில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

ஆசிரியர் அதை வகுப்பில் உரக்கப் படித்தார். நமக்கே இப்போதுதான் ஒரு நாடு கிடைத்திருக்கிறது, அதற்குள் இந்த மாணவர் ஒரு நாட்டை இழுத்து மூடிவிட்டார் என்றார். சீனப் பையன்கள், மலாய்ப் பையன்கள், பின் பெஞ்சில் இருந்த இரண்டு தமிழ் கிளார்க்குகள் எல்லாரும் இன வேறுபாடின்றிச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். வேறு என்ன செய்வது?

மறுநாள் மாலை என் மனைவி நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் நான் வீசியெறிந்த நோட்டு திறந்து கிடந்தது. அவள் கான்வென்டில் மூன்றாம் பாரம்வரை படித்தவள். கல்யாணத்துக்காக நிறுத்திவிட்டார்கள். படித்தவள் என்பது எனக்குத் தெரியும். எதற்கு உதவும் என்றுதான் தெரியாது.

"ஏங்க, இது தப்பாச்சே."

"ஒனக்கு என்னா தெரியும்?"

"யாரு கெட்டின்னு பாக்கக் கூடாதுங்க. எதுல கொஞ்சமா தோக்கறாங்கன்னு பாக்கணும்." நெத்திலித் தலையைக் கிள்ளிப் போட்டாள். "இப்ப பாருங்க, நான் ஒரு மணி நேரத்துல சமைச்சுருவேன். நீங்கன்னா ரெண்டு மணி நேரம். இந்த மாதிரி கணக்கு எனக்கு அர மணி நேரம், ஒங்களுக்கு மூணு மணி. சமையல்ல நீங்க ரெண்டு மடங்குதான் மோசம். கணக்குல ஆறு மடங்கு."

"அதனால?"

"அதனால நீங்க சமைக்கணும், நான் கணக்குப் போடணும். அப்பதான் ரெண்டு பேருக்கும் லாபம்."

அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். எனக்கோ பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து கல்லூரியில் வீட்டுப்பாடக் கணக்கு கொடுத்தால் அவள் மேசையில், நான் அடுப்பில். கணக்கு முடிந்ததும் அதை என் கையெழுத்தில் அழகாகப் பெயர்த்து எழுதிக்கொள்வேன். ஏன் அப்படி வருகிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. குழம்பு அடிபிடிக்கும் கவலை எனக்கு.

பக்கத்து வீட்டில் மலாக்கா செட்டிக் குடும்பம். மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பேசுவது மலாய். அந்த வீட்டம்மா ஒருநாள் வேலிக்கு மேலே தலையை நீட்டினார். நான் அம்மியில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தேன்.

"லாக்கி மாசாக், பினி பாச்சா?" என்றார். புருஷன் சமைக்கிறான், பெண்டாட்டி படிக்கிறாளா என்று கேள்வி. கண்ணைத் துடைக்கப் போய், மிளகாய்க் கையோடு துடைத்துவிட்டேன். அழுதுகொண்டே தலையாட்டினேன். அவர் பாவம், வேறு ஏதோ நினைத்துக்கொண்டு ஒரு கிண்ணம் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

கல்லூரியில் என் மதிப்பு ஏறியது. நாட்டை மூடியவர் இப்போது உலக வர்த்தகத்தையே நடத்துகிறார் என்று ஆசிரியர் பாராட்டினார். நான் வெட்கம் இல்லாமல் அடக்கமாகத் தலைகுனிந்தேன்.

பரீட்சை வந்தது. பத்துக் கணக்கு. சமையல் சம்பந்தமான கேள்வி எதுவும் இல்லை. முடிவு வந்த அன்று சைக்கிளைச் சுவரில் சாத்தாமல் அப்படியே கீழே போட்டுவிட்டு உள்ளே போனேன்.

"ஒன்னாலதான்! எல்லாத்தயும் நீயே போட்டுக் குடுத்த. எனக்கு ஒண்ணும் மண்டயில ஏறல."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"தப்பான நாட்ட அனுப்பிட்டோங்க" என்றாள்.

சுருக்கென்றது. மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்ததற்கு ரோஷம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அவமானம், கொஞ்சம் பொறாமை. நாலாம் நாள் அவள் சேலையைச் சரிசெய்துகொண்டு தானே கல்லூரிக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். தடுக்க வாய் திறந்தேன். அதற்குள் அவள் நோட்டை விரித்து உட்கார்ந்துவிட்டாள். வகுப்பில் அவள் போட்ட முதல் கணக்கைப் பார்த்ததும் ஆசிரியர் என்னை ஒரு பார்வை பார்த்தார். என் நோட்டில் பார்த்துப் பாராட்டிய அதே நடை.

அடுத்த பரீட்சையில் அவள் முதல் வகுப்பில் தேறினாள். நான் ஒரே ஒரு கணக்கில் மறுபடியும் தவறினேன். துரை அதற்குள் கப்பலேறிவிட்டார். நாற்காலி மட்டும் சுழல ஆளில்லாமல் கிடந்தது. இன்னும் ஒரு பரீட்சைவரை பொறுத்துப் பார்க்கிறோம், அப்புறம் வெளியிலிருந்து ஆள் வந்துவிடும் என்று தலைமைக் கிளார்க் எச்சரித்தார்.

அந்தச் சமயம் பார்த்து ஆசிரியருக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்தது. ஆரம்ப வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்க அவர் யாரை விட்டுப்போனார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. என் மனைவி அன்று மாலை எனக்கு முன்பே கிளம்பிவிட்டாள். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் போனால் நன்றாயிருக்காது என்று பஸ்ஸில் போனாள்.

நான் முன் பெஞ்சில் இடம் பிடித்தேன். புருஷன் என்ற உரிமையில் அல்ல. இந்தத் தடவையும் கோட்டைவிட்டால் காலமெல்லாம் ஆடும் நாற்காலிதான் என்ற பயத்தில்.

அவள் வருகைப் பதிவேட்டைத் திறந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். குரல் நடுங்கவில்லை. ஏழாவது பெயர் முடிந்ததும் நின்றுவிட்டாள். எட்டாவது நான்.

கல்யாணமாகி ஆறு வருஷம். அவள் வாயால் என் பெயரை நான் கேட்டதே இல்லை. தபால்காரர் கேட்டால்கூட உறையில் விரலை வைத்துக் காட்டி, "அவங்களுக்குத்தான்" என்பாள். மற்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின் பெஞ்சுத் தமிழ் கிளார்க்குகள் இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது. பெஞ்சு கிறீச்சிட முன்னால் சாய்ந்தார்கள்.

அவள் பதிவேட்டை ஒருமுறை நேராக்கி வைத்தாள். பிறகு இனிஷியலோடு, முழுசாக, கணீரென்று என் பெயரைச் சொன்னாள்.

"பிரசென்ட்" என்று சொல்லவேண்டும். எழுந்து நின்றேன். அதைச் சொல்ல மறந்து, இன்னொரு தடவை கூப்பிடமாட்டாளா என்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சிறிது நேரம் காத்திருந்தாள். அப்புறம் குனிந்து, நான் வரவில்லை என்று குறித்துவிட்டு, ஒன்பதாவது பெயரைக் கூப்பிட்டாள்.