கோட்டம் எடுக்க ஒரு ஸ்டாண்டு

என் வீட்டுக்காரர் வாடிக்கைக்காரர்களிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தபோதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அரியலூர் ஸ்டேஷன் பக்கம் எங்கள் சைக்கிள் கடை. சுண்ணாம்புக்கல் லாரிகள் குழி பறித்த ரோட்டில் சிமெண்ட் ஆலைக்குப் போய்வரும் எந்தச் சக்கரமும் நேராக இருந்ததில்லை. அதனால் எங்களுக்குச் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ரிம்மை ஒட்டிச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். கோணலான இடத்தில் கோடு விழும். அங்கே கம்பிகளை முடுக்கி, தளர்த்தி, கோட்டத்தை எடுத்துவிடுவார். யாருடைய அபிப்பிராயத்தையும் கேட்கிற ஆளில்லை. அப்படிப்பட்டவர் திடீரென்று, "நீங்களே பாத்துச் சொல்லுங்க, சரியா இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார். கோடு அவர் கண்ணுக்குத் தெரியவில்லை.

தனியாகக் கேட்டேன். வெயில் கூசுகிறது என்றார். மழைக்காலத்தில் கேட்டேன். இருட்டு என்றார். திருச்சிக்குக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். போன பார்வை போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். திரும்பும் ரயிலில் இவர் ஒன்றுதான் சொன்னார்.

"வெளிய தெரிஞ்சா ஒருத்தன் வண்டிய வுட மாட்டான். எனக்கு வேற வேல தெரியாது."

வாயைத் திறப்பதில்லை என்று சத்தியம் செய்து கொடுத்தேன்.

சக்கரத்தைக் கழற்றி மாட்டிக் கோட்டம் பார்க்க இரும்பு ஸ்டாண்டு உண்டென்று தெரியும். பஸ் பிடித்துப் பெரம்பலூர் போனேன். அங்கே சைக்கிள் சாமான் கடையில் இரண்டு ரகம் இருந்தது. ஒன்றில் கடிகாரம் மாதிரி முள் ஓடி, எவ்வளவு கோணல் என்று காட்டும். கடைக்காரர் அதைத்தான் புகழ்ந்தார். இன்னொன்றில் ரிம்முக்கு இரண்டு பக்கமும் திருகு, அவ்வளவுதான். இரண்டிலும் ஒரு பழைய சக்கரத்தை மாட்டச் சொல்லி, கண்ணை இறுக மூடிக்கொண்டு சுற்றினேன். கடிகாரம் ஊமை. திருகு வைத்ததில் கோணலான இடம் வரும்போதெல்லாம் ரிம் உரசிக் கிர்ரென்றது. நான் சாமி கும்பிடுகிறேன் என்று நினைத்துக் கடைக்காரர் பக்கத்து ஆளைப் பேச வேண்டாம் என்று சைகை காட்டினார். கிர்ரென்றதை வாங்கினேன்.

எதற்கு வாங்கினாய் என்று இவர் கேட்கவில்லை. தடவிப் பார்த்தார். திருகை நெருக்கி வைத்துச் சுற்றினார். உரசிய இடத்தில் நிறுத்திக் கம்பியை முடுக்கினார். மறுபடி சுற்றினார். உரசல் குறைந்துகொண்டே வந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் பக்கத்து டீக்கடை ரேடியோ அலற ஆரம்பித்ததும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

டீக்கடைக்குப் போய், எனக்குத் தலைவலி, ரேடியோவைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டேன். டீக்கடைக்காரர் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்களிடம் வண்டி விடுகிறவர்கள். டீக்கடைக்காரர்தான் பேச்சை எடுத்தார்.

"அண்ணனுக்குக் கண்ணு தெரியலங்கறது எங்க எல்லாருக்கும் தெரியும் அண்ணி. ஒங்களுக்குத் தெரிஞ்சா மனசு ஒடஞ்சு போயிடுவீங்கன்னுதான் யாரும் சொல்லல."

தெரிந்துமா இங்கேயே வண்டியை விட்டீர்கள் என்று கேட்டேன். ஆலையில் வேலை பார்க்கும் ஒருவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

"இங்க கோட்டம் எடுத்துட்டு, பஸ் ஸ்டாண்டு கடையில இன்னொரு தடவ எடுத்துக்குவோம்ங்க."

கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. எதைக் காட்டுவதென்று தெரியவில்லை.

"இனிமே அங்க போவ வேணாம்" என்று மட்டும் சொன்னேன். டீக்கடைக்காரர் எழுந்து ரேடியோவை நிறுத்தினார்.